பூமாரி சென்ட்ரல் பார்த்த நாள்

கல்யாணமாகிப் பத்து மாதம் கழித்துத்தான் ஈஸ்வரபாண்டி தன் மனைவியிடம் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டான். அதுவரை அவன் கேட்டதெல்லாம் சட்டை எங்கே, வண்டிச் சாவி எங்கே, அம்மா சாப்பிட்டாகளா என்பதுதான். அன்று காலை கடைக்குக் கிளம்புகையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உனக்கு எங்கனயாச்சும் போகணும்னு ஆசை இருக்கா?" என்றான்.

பூமாரி யோசிக்கவே இல்லை. "மெட்ராஸ் சென்ட்ரல்" என்றாள்.

"மெட்ராஸா? பீச்சுக்கா?"

"இல்லங்க. அந்த ஸ்டேஷனையே பாக்கணும். ரயில் ஏற இல்ல. கட்டடத்தைப் பாக்க."

ஒரு காலில் செருப்போடு நின்று அவன் அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அதுக்கென்ன, கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

அவன் போன பிறகு பூமாரிக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. பாலைப் பொங்கவிட்டு மாமியார் சந்தனம்மாளிடம் திட்டு வாங்கினாள். அதுகூட அன்றைக்கு உறைக்கவில்லை.

பூமாரிக்குச் சொந்த ஊர் கோம்பை. அப்பா கருத்தக்கண்ணனுக்குத் தென்னையும் வாழையுமாக விவசாயம். ஒரே மகள். ராயப்பன்பட்டியில் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு, பாலிடெக்னிக்கில் சிவில் முடித்தாள். பிறகு தேனி பெரியகுளம் ரோட்டில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் மூன்று வருடம் கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரைந்தாள். எல்லாம் ஒரே வீடுதான். ஒரு ஹால், இரண்டு பெட்ரூம், தென்கிழக்கு மூலையில் சமையல்கட்டு. அதை இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் அடுத்தவருடைய வீடு.

சென்ட்ரல் ஸ்டேஷனை அவள் பார்த்தது பாலிடெக்னிக் லைப்ரரியில், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில். முன்பக்கம் முழுவதையும் அளவோடு வரைந்திருந்தார்கள். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து பெரிய தாளில் பென்சிலால் வரைந்தாள். சரியாக வரவில்லை என்று மறுபடி வரைந்தாள். ஆபீசில் மதியச் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் போனைப் பார்க்கும் நேரத்தில் அவள் அந்த ஜன்னல் வளைவுகளைத்தான் வரைந்துகொண்டிருப்பாள். ஒரு வளைவு பிடிபட்டால் அந்த நாள் முழுக்க முகத்தில் வெளிச்சம் இருக்கும்.

கட்டிக்கொடுத்த வீடு தேனி அல்லிநகரத்தில். ஏலக்காய் வியாபாரம். வேலையை விடச் சொன்னார்கள், விட்டாள். வந்த புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது, சென்ட்ரலின் கோபுரத்து உச்சிக்கு மலையாளத்து அரண்மனைக் கூரை மாதிரி ஒரு தொப்பி போட்டிருக்கிறார்கள் என்று ஆர்வமாகச் சொல்லப்போனாள். சந்தனம்மாள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "ஏன்டா, இவ சுவத்தைப் பத்தி எம்புட்டு நேரம் பேசுவா?" என்று மகனைக் கேட்டாள். ஈஸ்வரபாண்டி சிரித்தான். அதற்குப் பிறகு பூமாரி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அவனே கேட்டுவிட்டான்.

அவளுக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சந்தனம்மாளுக்கு வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் இருந்தார். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சித்திரையில் அவர் உடம்புக்கு முடியாமல் படுத்தபோது அக்கா போய்ப் பார்த்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தம்பிக்கு ஒரே மகள், அபிதா. ஈஸ்வரபாண்டிக்கு முறைப்பெண். சண்டை மட்டும் இல்லாவிட்டால் அவளைத்தான் கட்டியிருப்பான். வைகாசியில் அபிதா அல்லிநகரத்துக்கு வந்து நான்கு நாள் இருந்தாள். பூமாரிதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள், தோசை சுட்டுப் போட்டாள்.

போடியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் சென்ட்ரலுக்கே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. தேனியில் ஏறினால் நேராக அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடும். பூமாரி பையில் ஒரு நோட்டு, மூன்று பென்சில், அளக்கும் டேப் எல்லாம் எடுத்து வைத்தாள். டேப்பைப் பார்த்த ஈஸ்வரபாண்டி, "இதையும் கொண்டு வா, நல்லதுதான்" என்றான்.

காலை எட்டு மணிக்கு இறங்கினார்கள். கூட்டத்தோடு வெளியே வந்ததும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இப்பப் பாக்க மாட்டேங்க. எதிர்ப்பக்கம் போயி ஒரேயடியாத் திரும்பிப் பாக்கணும்" என்றாள். அவன் அதற்கும் சம்மதித்தான். ரோட்டைக் கடந்து நின்று திரும்பினாள்.

செங்கல் சிவப்பில் நீளமாகக் கிடந்தது. நடுவில் மணிக்கூண்டு. காலை வெயில் வளைவுகளுக்குள் பாதி நுழைந்து பாதி நிழலாக நின்றது. தாளில் கோடாக மட்டும் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் இங்கே ஆழம் இருந்தது. ஜன்னலுக்கு மேல் ஒரு கை அகலத்துக்குச் சுவர் உள்வாங்கியிருந்தது. அதைப் படத்தில் அவள் கண்டுபிடித்திருக்கவே இல்லை. பூமாரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லு" என்றான் ஈஸ்வரபாண்டி. போனை எடுத்து அவளுக்கு நேராகப் பிடித்திருந்தான். "எல்லாத்தையும் சொல்லு. நான் வீடியோ எடுக்கிறேன்."

பத்து மாதம் அடைத்து வைத்திருந்த பேச்சு. கொட்டினாள். முதலில் வரைந்தவர் ஒருவர், பிறகு கோபுரங்களை மாற்றி வரைந்தவர் இன்னொருவர் என்றாள். நடுவில் ஒரு தடவை வேறு கலர் அடித்துவிட்டார்கள், ஊர்க்காரர்கள் சண்டை போட்டுத் திரும்பச் சிவப்பாக்கினார்கள் என்றாள். கோபுர உச்சியைக் காட்டி, "அந்தா பாருங்க, நம்ம மலைக்கு அந்தாண்டப் பக்கத்துத் தொப்பி! குமுளியில இருந்து வந்து இங்கன ஏறி உக்காந்துருக்கு" என்று சிரித்தாள். கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக் கூர்வளைவு எப்படி எடையை இரண்டு பக்கமும் பிரித்து இறக்குகிறது என்று செய்து காட்டினாள். போகிறவர்கள் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை. தன் புருஷன் கேட்கிறான்.

"பக்கத்துல போயித் தொட்டுப் பாரு" என்றான். திரும்ப ரோட்டைக் கடந்து போய்த் தொட்டாள். "கன்னத்தை வச்சுப் பாரு, சில்லுன்னு இருக்கா?" வைத்தாள். சில்லென்றுதான் இருந்தது. "கட்டடம் உங்கிட்ட என்னா சொல்லுது?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாடுகிறான் என்று நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளோடு விளையாடியதே இல்லை. அதனால் அவளும் விளையாடினாள். சுவரில் காதை வைத்து, "எம்புட்டு நாளா உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன், இப்பத்தான் வாரியான்னு கேக்குது" என்றாள்.

"நீ என்னா சொல்லப்போற?"

"வந்துட்டேன், இனிப் போக மாட்டேன்" என்றாள் சுவரைப் பார்த்து.

பிறகு டேப்பை நீட்டித் தூணின் அடியை அளந்தாள். தரையிலேயே உட்கார்ந்து நோட்டில் வரைந்தாள். மேலே மணி ஒன்பது அடித்தபோது நிமிர்ந்து, முகம் முழுக்கக் கண்ணீராக அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதையும் எடுத்தான்.

ஒரு ரயில்வே போலீஸ்காரர் அருகில் வந்தார். ஈஸ்வரபாண்டி போனை இறக்காமலே போய் அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். அவர் பூமாரியை ஒரு நிமிடம் பார்த்தார். "பாத்து இரும்மா, வண்டி வர்ற இடம்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். மெட்ராஸ் போலீஸ் எவ்வளவு மரியாதையாக இருக்கிறார்கள் என்று பூமாரி நினைத்துக்கொண்டாள்.

மதியம் அவன், "எனக்கு ரொம்ப நாளாத் தூக்கம் சரியில்ல. இங்கன ஒரு டாக்டரைப் பாத்துட்டுப் போயிருவோம்" என்றான். கூடப் போனாள். மாடியில் ஒரு சின்ன கிளினிக். சீட்டுப் போடும் இடத்தில் அவன் அவளுடைய பெயரைச் சொன்னான்.

"என்னங்க, எம்பேரைச் சொல்றீக?"

"மனசு டாக்டர் இவரு. எம்பேருல போட்டு யாராச்சும் பாத்தா யாவாரத்துல பேரு கெட்டுரும். உம்பேருல கெடந்தா யாரு கேக்கப்போறா?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. அவனுக்காக ஒன்று செய்கிறோம் என்று நினைத்தாள். உள்ளே டாக்டர் அவளைப் பார்த்துத் தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, படபடப்பு உண்டா என்று கேட்டார். அவனுக்குப் பதிலாகத் தயங்கித் தயங்கி, "தூக்கம்தான் சரியா வர மாட்டேங்குது" என்றாள். லேசான மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். சீட்டை ஈஸ்வரபாண்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

திரும்பி வரும் ரயிலில் அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "இதைச் செத்தாலும் மறக்க மாட்டேங்க" என்றாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தேனியில் இறங்கிய மறுநாள், "உங்க அப்பா அம்மாவைப் பாத்து நாளாச்சு. ஒரு வாரம் இருந்துட்டு வா" என்று கோம்பையில் கொண்டுவந்து விட்டான்.

ஒரு வாரம் இரண்டு வாரம் ஆனது. போன் செய்தால் எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு கார்களில் வந்தார்கள். ஈஸ்வரபாண்டி, சந்தனம்மாள், உறவுக்காரர்கள் ஆறேழு பேர், நடுவராக ஞானசிகாமணி. அவர் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். யார் பக்கமும் சாய மாட்டார் என்று பெயர் எடுத்தவர்.

பூமாரியின் அம்மா இருளம்மாள் மருமகன் வந்த சந்தோஷத்தில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். ஞானசிகாமணி தடுத்தார். "மொதல்ல பேச்சை முடிச்சிருவோம் தாயி."

சந்தனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "நாங்க மனசாரச் சொல்லல. பத்து மாசம் பொறுத்துப் பாத்துட்டோம். உங்க மகளுக்குத் தலைக்குச் சரியில்ல. எம்மகன் மெட்ராஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாத்துட்டான்."

கருத்தக்கண்ணன் எழுந்தே விட்டார். "யாரு மகளை என்னா சொல்றீக?"

"கோவப்படாதீக" என்றார் ஞானசிகாமணி. "ஒருத்தர் சொல்லுறதை வச்சு நான் எதையும் நம்ப மாட்டேன். எல்லாரும் சேந்து பாப்போம். ஒளிவு மறைவு வேணாம்." ஈஸ்வரபாண்டி போனை வீட்டு டிவியோடு இணைத்தான்.

டிவியில் பூமாரி வந்தாள்.

கைகளைத் தலைக்கு மேல் கூப்பி ஆடினாள். காற்றைக் காட்டிச் சிரித்தாள். குமுளியிலிருந்து ஒரு தொப்பி வந்து ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றாள். போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அடுத்து சுவரில் கன்னத்தைத் தேய்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். எம்புட்டு நாளா உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்னு கேக்குது என்றாள். வந்துட்டேன், இனிப் போக மாட்டேன் என்று சுவரிடம் சொன்னாள். தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆகாயத்தைப் பார்த்து அழுதாள். ஒரு போலீஸ்காரர் குனிந்து அவளிடம் மெதுவாகப் பேசினார்.

நாற்பது நிமிடம் எடுத்ததில் நான்கு நிமிடம் இருந்தது. ஈஸ்வரபாண்டியின் குரல் ஓரிடத்திலும் இல்லை.

ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தலைகள் நான்கைந்து தெரிந்தன. பூமாரிக்கு முதலில் என்ன நடக்கிறது என்றே பிடிபடவில்லை. "இதுல அவுக கேட்டது எங்க?" என்றாள். "நான் பேசுனது மட்டும்தான இருக்கு. அவுக கேட்டாக, அதுக்குத்தான் சொன்னேன்."

"நான் என்னா கேட்டேன்?" என்றான் ஈஸ்வரபாண்டி. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"'கட்டடம் உங்கிட்ட என்னா சொல்லுது'ன்னு கேட்டீகல்ல?"

ஞானசிகாமணி பரிவாகக் கேட்டார். "ஏன் ஆத்தா, எந்தப் புருஷனாச்சும் பொண்டாட்டிகிட்ட அப்படிக் கேப்பானா?"

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது கேட்டது.

"விளையாட்டுக்குக் கேட்டாகய்யா. அந்தக் கட்டடத்தைப் பத்தி எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன். அந்த வளைவு இருக்கே, அது…" என்று விளக்கப் போனாள். கைகள் தாமாகவே தலைக்கு மேல் போயின. டிவியில் பார்த்த அதே கைகள். எல்லோரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். பூமாரி பாதியில் கீழே இறக்கிக்கொண்டாள்.

இருளம்மாளுக்கு மகளைக் காப்பாற்ற வேண்டும் என்று வேகம். முன்னால் வந்து, "அய்யா, சின்னதுல இருந்தே அவ அப்படித்தான். கோயிலுக்குப் போனாச் சாமியைப் பாக்க மாட்டா, தூணைத் தடவிக்கிட்டு நிப்பா. அது ஒரு குணம்யா, கிறுக்கு இல்ல" என்றாள்.

"சின்னதுல இருந்தேவா?" என்று சந்தனம்மாள் கேட்டாள். அழுகை நின்றிருந்தது. "கேட்டுக்கிட்டீகளா? சின்னதுல இருந்தேயாம். மறைச்சுக் கட்டி வச்சிருக்காக."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் தாயி" என்றார் ஞானசிகாமணி வருத்தத்தோடு.

ஈஸ்வரபாண்டி கிளினிக் சீட்டை எடுத்துக் கொடுத்தான். அது கை மாறிக் கை மாறிக் கருத்தக்கண்ணனிடம் வந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். மகளைப் பார்த்தார்.

"நீ இந்த ஆஸ்பத்திரிக்குப் போனியா ஆத்தா?"

"போனேம்ப்பா. அவுகளுக்காகப் போனேன். அவுகளுக்குத்தான் தூக்கம் வரல."

"உம்பேரு இருக்கே."

"அவுகதான் எம்பேரைப் போடச் சொன்னாக."

சொல்லி முடித்ததும் அந்த வார்த்தைகள் மற்றவர்கள் காதில் எப்படி விழும் என்பது அவளுக்கே கேட்டது. இனி வாயைத் திறந்தால் எல்லாமே அப்படித்தான் கேட்கும் என்று தெரிந்தது. சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். சுவரில் சாயவில்லை.

பிரிந்துபோகச் சம்மதம் என்று எழுதிக் கொண்டுவந்த பேப்பரில் கருத்தக்கண்ணன் கையெழுத்துப் போட்டார். நகையைப் பற்றி யாரோ பேச்செடுத்தபோது, "ஒண்ணும் வேணாம், எல்லாரும் கெளம்புங்க" என்றார். அவருக்குப் பேச்சு முடிந்து ஜன்னலில் நிற்கிறவர்கள் போனால் போதும். ஈஸ்வரபாண்டி காரில் ஏறும் முன் மாமனாரைப் பார்த்துக் கும்பிட்டான்.

அந்த வீடியோவை யார் வெளியே விட்டது என்று தெரியவில்லை. நான்கு நாளில் கோம்பையில் எல்லோர் போனிலும் இருந்தது. கடைத்தெருவுக்குப் போனால் பைக்கில் போகிறவர்கள், "ஏலே, சென்ட்ரல் போகுதுடா" என்றார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி அக்கறையாகக் கையைப் பிடித்து, "இப்பத் தேவலையா ஆத்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத் தேவலை என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு.

கருத்தக்கண்ணன் அவளைத் தேனியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா அரைமணி நேரம் பேசிவிட்டு, "உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

"அதை எழுதிக் குடுங்கம்மா. ஊர்ல காட்டணும்."

"இல்லாத நோய்க்கு என்னன்னு எழுதுறது?" என்று டாக்டர் சிரித்தார். அவர் நல்லவர், தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். வெளியே வந்து கருத்தக்கண்ணன் வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். மகளிடம், "உன்னைய நம்பாமக் கையெழுத்துப் போட்டேன்னு நெனைக்காத ஆத்தா" என்றார். "பின்ன எதுக்குப் போட்டீக?" என்று கேட்டாள்.

பழைய இன்ஜினியரிடம் போய் வேலை கேட்டாள். அவரும் வீடியோவைப் பார்த்திருந்தார். "வீடு கட்டுறவுக சகுனம் பாப்பாகம்மா. தப்பா எடுத்துக்காத" என்றார். வீட்டுக்கு வந்தபோது வெந்நீர் அடுப்பில் அம்மா எதையோ திணித்துக்கொண்டிருந்தாள். பெரிய பெரிய தாள்கள். கூர்வளைவுகள் ஓரத்திலிருந்து சுருண்டு கறுத்தன.

"இதாலதான் எல்லாம்" என்றாள் இருளம்மாள். அழுதுகொண்டேதான் எரித்தாள்.

பூமாரி தடுக்கவில்லை. அந்த வெந்நீரில்தான் குளித்தாள்.

ஆறு மாதம் கழித்துக் கம்பத்தில் ஒரு மலையாளத்து காண்ட்ராக்டர் ஆபீசில் வேலை கிடைத்தது. அவருக்குக் கோம்பைக் கதை எதுவும் தெரியாது, மகள் மாதிரி மோளே என்று கூப்பிடுவார். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பினாள். கொடுத்ததை வரைந்தாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆவணியில் ஈஸ்வரபாண்டிக்கும் அபிதாவுக்கும் கல்யாணம் முடிந்தது என்று கேள்விப்பட்டாள்.

மறு வருடம் தை மாதம் ஒருநாள் மதியம் ஆபீஸ் வாசலில் ஒருத்தி தயங்கி நின்றாள். மெலிந்திருந்தாள். பூமாரிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அக்கா, என்னைய யாருன்னு தெரியுதா?"

"உக்காரு" என்றாள் பூமாரி.

அபிதா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஒருவருக்கும் தெரியாமல் குமுளி பஸ்ஸிலிருந்து வழியில் இறங்கி வந்ததாகச் சொன்னாள். "அப்பா எறந்து மூணு மாசமாச்சுக்கா. தோட்டம் எம்பேருக்கு வந்துருச்சு. அவுக அதைத் தன் பேருக்கு மாத்திக் குடுன்னு கேட்டாக. அப்பா கடைசியா வேணாம்னு சொல்லிட்டுப் போனாரு, மாட்டேன்னுட்டேன். ஒரு மாசம் மொகம் குடுத்துப் பேசல. இப்ப நாலு நாளா ரொம்பப் பாசமா இருக்காக. எங்கன போகணும்னு ஆசைன்னு கேட்டாக. எனக்குச் சின்னதுல இருந்து கடல் பாக்கணும்னு ஆசை. கன்னியாகுமரி போவோம், நெறைய வீடியோ எடுக்கணும்னு சொல்றாக."

நிறுத்திவிட்டுப் பூமாரியைப் பார்த்தாள். "உங்களையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போனாகளா?"

இந்தக் கேள்வியை ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று பூமாரி ஒன்றரை வருடம் காத்திருந்தாள். கேட்டவள் நம்பவும் தயாராக இருந்தாள். பூமாரி எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தாள்.

அபிதா மனதில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு, "அந்த வீடியோவைப் பாத்தப்ப நானும் சிரிச்சேன்க்கா. அத்தையும் நானும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துச் சிரிச்சோம். என்னைய மன்னிச்சிருங்க" என்றாள்.

பூமாரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையில் பாதி வரைந்த மாடிப்படி நின்றது.

"எனக்குத் தலை சரியில்ல அபிதா" என்றாள். "எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லுறதைக் கேட்டு நீ ஒண்ணும் முடிவு பண்ணாத."

"அக்கா…"

"கடல் நல்லாருக்கும். போயிட்டு வா."

அபிதா எழுந்து, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனாள். உள்ளறையிலிருந்து காண்ட்ராக்டர், "ஆரா மோளே அது?" என்று கேட்டார்.

"பிளான் கேட்டு வந்தாக. வேணாம்னு போயிட்டாக."

அன்று மாலை வரை பூமாரிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். நீண்ட நாளைக்குப் பிறகு இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். மறுநாளும் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவு குறித்துக்கொண்டிருந்தபோது, அபிதா உட்கார்ந்திருந்த நாற்காலி நுனி கண்ணில் பட்டது. முழு நாற்காலியும் கிடக்க அந்தப் பெண் ஏன் நுனியிலேயே உட்கார்ந்தாள் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு ஒரு கோடும் சரியாக வரவில்லை. அபிதாவின் போன் நம்பரைக்கூட வாங்கி வைக்கவில்லை.

காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டுத் தேனி பஸ் ஏறினாள். உத்தமபாளையம், சின்னமனூர் என்று பஸ் நின்று நின்று போனது. அல்லிநகரத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஜக்கம்மா கிரில் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அபிதா இருக்கா?" என்று கேட்டாள் பூமாரி.

"இன்னைக்கு விடியக்காலையில கன்னியாகுமரி போயிட்டாகளே, கார் வச்சு. அவுக மாமியாளும் கூடப் போயிருக்கு."

பூமாரி தண்ணீர் கேட்டாள். ஜக்கம்மா கிரிலைத் திறக்காமல் கம்பிகளுக்கு இடையே சொம்பை நீட்டினாள். குடித்துவிட்டுக் கொடுத்தாள். அவள் தெரு முனையைத் தாண்டும் வரை ஜக்கம்மா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூமாரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கம்பம் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்து, தன்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதென்று, கோம்பைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கண்டக்டரிடம் வெளியூர்க்காரி மாதிரி கேட்டாள்.